பட்டதாரிப் பிள்ளைகளின் முதல் தன்விவரக் குறிப்பு

நம் வாரியம் வழங்கிவரும் கல்வி உதவிநிதியைப் பற்றிய கணக்கு விவரங்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெறுவது வழக்கம். அந்தக் கணக்கில் வராத ஒரு காரியத்தைப் பற்றியே நான் எழுத வந்தேன். தாங்கள் உண்டியலிலும் நன்கொடைச் சீட்டிலும் தந்த பணத்தில் மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ படித்த பிள்ளை, பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிந்து எடுத்த படத்தை ஆலய அலுவலகத்தில் காட்டி மகிழ்ந்துவிட்டுப் போகிறது. ஆறு மாதம் கழித்து, "வேலை அமைந்ததா?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறது. எத்தனை விண்ணப்பம் அனுப்பினாய் என்றால் எழுபது, எண்பது என்கிறது. நேர்முகத் தேர்வுக்கு எத்தனை அழைப்பு என்றால் பதில் இல்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போய்த் தோற்றுவருவது ஒரு நிலைமை. அழைப்பே வராதது வேறொரு நிலைமை. முன்னதற்குப் பல காரணம் சொல்லலாம். பின்னதில், அந்த அலுவலகத்தில் நம் பிள்ளையின் முகத்தை எவரும் பார்க்கவில்லை, குரலை எவரும் கேட்கவில்லை. அவர்கள் பார்த்தது ஒரு தாளை மட்டுமே. அந்தத் தாளைத்தான் நாம் பேச்சில் ரெஸ்யூமி என்றும் சிவி என்றும் சொல்கிறோம். மொழிப்பாட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஆலயக் குழுவினர் இத்தகைய தாள்களை என்னிடம் அனுப்பி வைக்கிறார்கள். படித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கிற்று. படிப்பில் குறைவில்லாத பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதும்போது குறைத்து எழுதுகிறார்கள், அல்லது வேண்டாததை எழுதி வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அந்தத் தாளை யார் படிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களில் முதல் வாசகர் மனிதரல்லர், கணினி மென்பொருள். அது தாளில் உள்ள எழுத்துகளை உருவி எடுத்து, பெயர், படிப்பு, அனுபவம் என்று கட்டங்களில் போடுகிறது. அடுத்த வாசகர் மனிதவளப் பிரிவின் அதிகாரி. ஒரே பதவிக்கு வந்த ஏராளமான விண்ணப்பங்கள் அவர் முன் இருக்கும். முதல் பார்வையில் அவர் வரிவரியாகப் படிப்பதில்லை, கண்ணோட்டம் விடுகிறார். முதல் பக்கத்தின் மேற்பாதியில் அவர் தேடுவது கிடைத்தால்தான் கீழே இறங்குவார். நூறு விடைத்தாள்களைத் திருத்திய எந்த ஆசிரியருக்கும் இது புதிதன்று.

நம் பிள்ளைகள் அந்த மேற்பாதியை எதற்குச் செலவிடுகிறார்கள்? தந்தை பெயர், தந்தையின் தொழில், தாயார் பெயர், உடன்பிறந்தார் எத்தனை பேர், பிறந்த தேதி, இனம், சமயம், திருமணமாகாதவர், உயரம், எடை என்று எழுதுகிறார்கள். இது நம் பெரியவர்கள் காலத்துப் பயோடேட்டாவின் எச்சம். பெண் பார்க்க அனுப்பும் குறிப்புக்கு இவை பொருந்தும். கணக்காய்வு நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்வதற்கு உடன்பிறந்தாரின் எண்ணிக்கையால் பயனேதுமில்லை. காவல்துறை, இராணுவம் போன்றவற்றுக்கு உயரமும் எடையும் தேவை. அவர்கள் அதைத் தங்கள் படிவத்திலேயே கேட்டுக்கொள்வார்கள். புகைப்படமும் விளம்பரத்தில் கேட்டிருந்தால் போதும்.

அடையாள அட்டை எண்ணை எழுதும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். நம் நாட்டின் 12 இலக்க எண்ணில் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 இலக்கம் பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இந்த எண்ணோடு வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் சேர்ந்த தாளை முன்பின் தெரியாத எண்பது இடங்களுக்கு அனுப்புவது என்ன விவேகம்? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் நாமே கையால் எடுத்து வீசிவிட்ட விவரத்தைச் சட்டம் திரும்பப் பொறுக்கித் தராது. வேலை உறுதியான பிறகு எண்ணைக் கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம். வீட்டு முகவரிக்குப் பதிலாக, "பட்டர்வொர்த், பினாங்கு" என்று ஊர் பெயர் இருந்தால் போதுமானது. வேலை தருகிறேன், முதலில் முன்பணம் கட்டு என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தில் ஒரு சிறு சங்கடம் நமக்கு மட்டும் உரியது. சான்றிதழ்களில் ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். தாளின் தலைப்பில் அது வேண்டுமா என்று கேட்கிறார்கள். எழுதினாலும் பிழையில்லை, விட்டாலும் பிழையில்லை. ஆனால் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலும் தாளில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்புக்குப் பெயர் சூட்டும்போது மட்டும் அந்தச் சாய்கோட்டைக் கணினி ஏற்காது. பலர் அந்த இடத்தில் திகைத்து, "ரெஸ்யூமி ஃபைனல் 3" என்று பெயரிட்டு அனுப்பிவிடுகிறார்கள். பெற்றுக்கொண்ட அதிகாரியின் கணினியில் அது யாருடைய தாள் என்று எப்படித் தெரியும்? பெயரையும் பதவியையும் மட்டும் இட்டால் போதும். படிவம் மூன்றில் விளையாட்டாகத் திறந்த மின்னஞ்சல் முகவரியை மாற்றிப் புதியதொன்று திறப்பதும் நல்லது. நடிகரின் பெயரும் "கிங்" என்ற சொல்லும் கலந்த முகவரிகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்வது நாகரிகமன்று.

பெயருக்குக் கீழே பெரும்பாலும், "என் திறமையை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்புள்ள நிறுவனத்தில் பணிபுரிய விரும்புகிறேன்" என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கும். எல்லாத் தாளிலும் அதே வாசகம். அது தன் விருப்பத்தைச் சொல்கிறதே தவிர, அவர்களுக்கு என்ன பயன் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் இரண்டே வரியில், நான் யார், என்ன தெரியும், எந்தப் பதவிக்கு வருகிறேன் என்று எழுதலாம். கணக்கியல் பட்டதாரி ஒருவர், "கணக்கியல் இளங்கலைப் பட்டதாரி, சிறு கணக்கு நிறுவனம் ஒன்றில் 6 மாதத் தொழிற்பயிற்சி, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பும் மின்விலைப்பட்டியல் பதிவும் செய்த பழக்கம் உண்டு, இளநிலைக் கணக்காய்வு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன்" என்று எழுதினால், படிப்பவருக்கு ஆள் யாரென்று விளங்கிவிடுகிறது. மின்விலைப்பட்டியல் நம் நாட்டில் 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது. அதைக் கையால் செய்து பார்த்த பிள்ளை, அதை ஒரு சாதாரணக் காரியமென்று எண்ணி எழுதாமல் விட்டிருந்தது.

கல்வியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய பட்டதாரிக்கு அது மேலே வர வேண்டும். அண்மையில் பெற்றது முதலில், பழையது பிறகு. சிஜிபிஏ 4.00-க்கு எவ்வளவு என்பதை 3.00-க்கு மேலிருந்தால் எழுதலாம். குறைவாக இருந்தால், செய்த இறுதியாண்டு ஆய்வையும் நன்றாகத் தேறிய பாடங்களையும் முன்வைக்கலாம். கேட்டால் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். எஸ்பிஎம் ஒரு வரி போதும். இங்கே தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் என்மீது வருத்தப்படக்கூடும். ஆயினும் சொல்லியாக வேண்டும். யூபிஎஸ்ஆர் தேர்வில் 7ஏ பெற்றது நம் வீடுகளில் பெரிய கொண்டாட்டம். கூடத்தில் அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கும், மாட்டியிருக்கவும் வேண்டும். ஆனால் அந்தத் தேர்வே 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. 22 வயதுப் பட்டதாரியின் தாளில் 12 வயதுத் தேர்ச்சி நான்கு வரியைப் பிடித்துக்கொண்டால், அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லையோ என்று படிப்பவர் நினைப்பார்.

இனி அனுபவம் என்னும் பகுதி. பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடும் இடம் இதுதான்.

ஒரு பெண்பிள்ளை, வணிக நிர்வாகம் படித்தவள், தன் தாளில் அனுபவம் என்னும் தலைப்பையே எடுத்துவிட்டிருந்தாள். "வேலைக்கே போகலையே சார், என்ன எழுதறது?" என்றாள். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நாங்கள் போடும் அன்னதானப் பந்தலில் யாரம்மா ஆட்களை நிறுத்தியது என்று கேட்டேன். "நான்தான். அது கோயில் வேலைதானே சார்" என்றாள். கோயில் வேலைதான். ஆனால் அதில் அவள் செய்தது என்ன? 2023, 2024, 2025 என மூன்று தைப்பூசங்களில் 24 தொண்டர்களுக்கு மூன்று வேளைப் பட்டியல் போட்டாள். அரிசியும் காய்கறியும் எவ்வளவு, எந்த நாளில் வர வேண்டும் என்று கடைக்காரரிடம் பேசினாள். முதல் ஆண்டு நள்ளிரவில் சோறு தீர்ந்து, மறுநாள் காலையில் மிஞ்சியதைக் கண்டு, அடுத்த ஆண்டு சமையல் நேரத்தை மாற்றச் சொன்னாள். நன்கொடையாக வந்த பொருளுக்கும் செலவான பொருளுக்கும் ஏடு எழுதி, அதைக் கணக்காளரிடம் ஒப்படைத்தாள். ஒரு கிடங்கிலோ ஓட்டலிலோ இதே வேலைகளுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள்.

இதை எழுதும் முறை ஒன்று உண்டு. "கோயில் தொண்டில் ஈடுபட்டேன்" என்றால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. என்ன செய்தேன், எவ்வளவு, அதனால் என்ன நடந்தது என்னும் மூன்றும் ஒரு வரியில் வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது "ரெஸ்பான்சிபிள் ஃபார்" என்று தொடங்குவதை விட்டு, செய்து முடித்த வினைச்சொல்லால் தொடங்க வேண்டும். அவள் வரி இப்படி ஆயிற்று: "ஆண்டுதோறும் நடைபெறும் பொதுவிழாவின் இலவச உணவுப் பந்தலில் 24 தொண்டர்களுக்கு மூன்று வேளைப் பணிப்பட்டியல் தயாரித்து நடத்தினேன், முந்தைய ஆண்டின் உணவு மிச்சத்தைக் குறித்துவைத்து சமையல் நேரத்தை மாற்ற ஆலோசனை கூறினேன், அது ஏற்கப்பட்டது." இதில் ஒரு சொல்லும் மிகையன்று. எண்கள் அவள் ஏட்டில் இருக்கின்றன. நேர்முகத் தேர்வில் கேட்டால் அரை மணி நேரம் பேச அவளிடம் விஷயம் இருக்கிறது.

சில பெற்றோர் வேறொரு ஐயத்தைக் கேட்டார்கள். கோயில் என்று எழுதினால் மற்ற இனத்தார் ஒதுக்கிவிட மாட்டார்களா? ஐயம் நியாயமானதே, நாம் வாழும் நாட்டை நாம் அறிவோம். என் கருத்து, மறைக்க வேண்டாம், விளக்குங்கள் என்பது. சீன அதிகாரிக்கோ மலாய் அதிகாரிக்கோ அன்னதானம் என்றால் தெரியாமல் இருக்கலாம். தைப்பூசம் தெரியும், பினாங்கில் அது பொது விடுமுறை. எனவே செய்த வேலையை முதலில் எழுதி, இடத்தை அடுத்து எழுதினால், அவர் கண்ணில் முதலில் படுவது பிள்ளையின் திறமையாக இருக்கும். தேவாரப் போட்டியில் பெற்ற பரிசு எல்லா விண்ணப்பத்துக்கும் வேண்டியதில்லை. ஆசிரியப் பணிக்கோ தமிழ் ஒலிபரப்புத் துறைக்கோ போகிறவர் தாராளமாக எழுதட்டும்.

வீட்டுத் தொழிலும் அனுபவமே. அப்பாவின் பூக்கடையில் தீபாவளி முன்னிரவில் நின்று வியாபாரம் பார்த்த பையன், வாடிக்கையாளர் சேவை என்றால் என்னவென்று வகுப்பில் படித்தவனைவிட நன்றாக அறிவான். பேரங்காடியில் காசாளராகப் பகுதிநேரம் நின்றது, நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தது, பல்கலைக்கழக இந்து சங்கத்தில் பொருளாளராக இருந்தது எல்லாம் இடம்பெறத்தக்கவை. நோயுற்ற தாயாரைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு வீட்டில் இருந்த பிள்ளை, அந்த ஆண்டை மூடி மறைக்கத் தேவையில்லை. "2024, குடும்பப் பொறுப்பு" என்று ஒரு வரி எழுதினால், நியாயமான மனிதர் எவரும் புரிந்துகொள்வார்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிகள் என்னும் பகுதியில் ஆங்கிலம், மலாய் எழுதிவிட்டுத் தமிழை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கி முகப்பிலும் மருத்துவமனையிலும் காப்புறுதி நிறுவனத்திலும் தமிழ் பேசும் வாடிக்கையாளர் வருகிறார்களே! பேசவும் படிக்கவும் எழுதவும் தெரியும் என்றால் அப்படியே எழுத வேண்டும். எஸ்பிஎம்-இல் தமிழ் எடுத்திருந்தால் அந்தத் தரத்தையும் குறிப்பிடலாம். ஆங்கிலத்துக்கு மூயேட் தேர்வின் நிலையை எழுதுவது, "குட்" என்று எழுதுவதைவிட நம்பிக்கை தரும்.

அமைப்பைப் பொறுத்தவரை, இணையத்தில் கிடைக்கும் வண்ண மாதிரிகளில் பிள்ளைகளுக்கு மோகம் அதிகம். இடப்பக்கம் நீலப் பட்டை, வலப்பக்கம் எழுத்து, திறமைக்கு ஐந்து நட்சத்திரத்தில் நான்கு. நட்சத்திரம் யார் கொடுத்தது என்று கேட்டால் நானே கொடுத்துக்கொண்டேன் என்கிறார்கள்! அழகைக் குறை சொல்லவில்லை. சிக்கல் என்னவென்றால், மேலே சொன்ன மென்பொருள்களில் சில, இரண்டு பத்தியாக இருப்பதை இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்து, படிப்பையும் தொலைபேசி எண்ணையும் கலந்துவிடும். படமாகப் போட்ட எழுத்தை அவை காணாமலும் போகலாம். சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லா எழுத்தையும் நகலெடுத்து, கணினியில் உள்ள நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் நல்லது. குழம்பி வந்தால், மென்பொருளுக்கும் அது குழம்பியே தெரியக்கூடும். ஒரே பத்தி, தெளிவான தலைப்புகள், ஒரே வகை எழுத்துரு, ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. புதிய பட்டதாரிக்கு இது போதும்.

எண்பது இடத்துக்கும் ஒரே தாளை அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். விளம்பரத்தை ஒரு தாளில் அச்சிட்டு, வகுப்பில் கருத்துணர்தல் பகுதியைப் படிப்பதுபோல் கோடிட்டுப் படிக்க வேண்டும். அவர்கள் என்னென்ன கேட்கிறார்கள்? அவற்றில் எது நம்மிடம் உண்மையாக இருக்கிறது? அதை அவர்கள் பயன்படுத்திய சொல்லாலேயே நம் தாளில் மேலே கொண்டுவர வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். எண்பதுக்குப் பதில் இருபது அனுப்பினாலும் நட்டமில்லை. வேலை தேடுமிடம் தெரியாதவர்களுக்கு, சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் இணையத்தளம் இருக்கிறது, அதற்குக் கட்டணமில்லை. அரசாங்கப் பணிக்கு வழி வேறு. பொதுச் சேவை ஆணையத்துக்கு இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அங்கே அலங்காரத்துக்கு வேலையில்லை, எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் இருக்கிறதா என்பது போன்ற தகுதிகளே பார்க்கப்படும். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் சோம்பலால் காலியாக விடக் கூடாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதச் சொல்லிக் கொண்டுவரும் தாள்களும் இப்போது வருகின்றன. ஆங்கில இலக்கணம் திருத்த அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தம்பியின் தாளில், "பல்துறைக் குழுக்களுக்குத் தலைமை தாங்கிய அனுபவம்" என்று இருந்தது. எந்தக் குழு தம்பி என்றேன். சிரித்தான். தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும், "எப்படி, எப்போது?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிட வேண்டியதுதான்.

பரிந்துரைப்பவர் என்று இரண்டு பெயர் போடுகிறார்கள். விரிவுரையாளர் ஒருவர், தொழிற்பயிற்சியில் மேற்பார்த்தவர் ஒருவர் என்று இருப்பது சிறப்பு. உறவினர் வேண்டாம். ஆலயக் குழுவினரைப் போடுவதாயின், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போடவும். ஒருமுறை ஒரு நிறுவனத்திலிருந்து என்னை அழைத்து ஓர் இளைஞரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் என் பெயரைத் தந்தது எனக்குத் தெரியாது. அவர் எந்தப் பதவிக்குப் போகிறார் என்பதும் தெரியாது. நல்ல பையன் என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முன்னரே சொல்லியிருந்தால், கும்பாபிஷேக வசூல் கணக்கை அவர் எழுதிய நேர்த்தியைச் சொல்லியிருப்பேன்.

நன்கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்களில் பலர் சொந்தத் தொழில் நடத்துகிறீர்கள், பலர் அலுவலகங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளைக்கு, வீட்டில் தாளைத் திருத்திக் கொடுக்க ஆளில்லை. தந்தை லாரி ஓட்டுகிறார், தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். பிடிபிடிஎன் கடனோ வாசலில் நிற்கிறது. அந்தப் பிள்ளையின் தாளை வாங்கி, உங்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தால் எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தியிருப்பீர்கள் என்று சிவப்பு மையால் குறித்துக் கொடுங்கள். ஆசிரியரான என்னால் மொழியைத் திருத்த முடியும். ஆள் எடுக்கிறவரின் கண்ணால் பார்க்க உங்களால்தான் முடியும். தொழிற்பயிற்சிக்கு ஓர் இடம் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதப் பயிற்சி, அடுத்த தாளில் ஆறு வரியாக நிற்கும்.

பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சிக்காலப் பூசைக்குப் பின் மண்டபத்தில் என்னைப் பார்க்கலாம். கட்டணமோ முன்பதிவோ இல்லை. தாளை அச்சிட்டுக் கொண்டுவரவும். கைப்பேசித் திரையில் படிக்க என் கண்ணாடி இடம்கொடுப்பதில்லை. கூடவே, விண்ணப்பிக்கப்போகும் வேலையின் விளம்பரமும் கையில் இருக்க வேண்டும்.